போர்த்துறையும் போர்க்கப்பலும்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் கடலைப் பிடிப்பது எப்படி?

தீவு மேப்பில் முதன்முதலாக விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தோற்கிறார்கள். நிலத்தில் பழகிய கை முதலில் வீரர்களைத் தயாரிக்கும் பாரக்ஸைக் கட்டும். கோடாலி வீரர்கள் ஏழெட்டுப் பேர் தயாராகி ஊரைச் சுற்றி நிற்பார்கள். அதற்குள் எதிரியின் இரண்டு சிறு கப்பல்கள் கரையோரம் வந்து, மீன்பிடிப் படகுகளை ஒவ்வொன்றாக மூழ்கடித்துவிட்டு, மரம் வெட்டிக்கொண்டிருக்கும் வில்லேஜர்கள்மீது, அதாவது ஊரின் வேலையாட்கள்மீது, அம்பு எய்யத் தொடங்கிவிடும். கோடாலி வீரர்கள் தண்ணீர் விளிம்புவரை ஓடி வருவார்கள். அதற்குமேல் அவர்களால் ஆவது ஒன்றுமில்லை.

அந்த நிலைக்கு வராமல் ஆடுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எடுத்துக்கொண்டிருப்பது, என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் 1997-இல் வெளியிட்ட முதல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’. கிரேக்கர், மினோவர், ஃபினீசியர், எகிப்தியர் என்று மத்தியதரைக் கடலைச் சுற்றி வாழ்ந்தவர்கள் பலரும் அதில் உண்டு. 1998-இல் வந்த ‘ரைஸ் ஆஃப் ரோம்’ விரிவாக்கம் ரோமர், கார்த்தேஜியர், மாசிடோனியர் ஆகியோரையும் சேர்த்தது. கீழே வரும் எண்கள் மூல விளையாட்டுக்கு உரியவை. 2018-இல் புதுப்பித்து வந்த பதிப்பில் சில எண்கள் மாறியிருக்கலாம். கணக்குப் போடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரே கட்டடம், நான்கு வேலை

இந்த விளையாட்டில் கடல் தொடர்பான எல்லாமே கப்பல்துறையில், அதாவது ‘டாக்’கில்தான் தொடங்குகிறது. விலை 100 மரம். கற்காலம், கருவிக் காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று விளையாட்டில் வரும் நான்கு கட்டங்களில் முதலாவதான கற்காலத்திலேயே கட்டலாம், அதற்கு முன்பு வேறு எதையும் கட்டியிருக்க வேண்டியதில்லை. மீன்பிடிப் படகு, வணிகப் படகு, ஆட்களை ஏற்றிச்செல்லும் படகு, போர்க்கப்பல் ஆகிய நான்கும் இந்த ஒரே கட்டடத்திலிருந்துதான் வெளிவரும்.

மீன்துறை வேறு, போர்த்துறை வேறு என்று விளையாட்டு பிரித்துத் தராததால், புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். மீன் அதிகமாக இருக்கும் இடத்தில் ஒரு துறையைக் கட்டி, கடைசிவரை அதிலிருந்தே போர்க்கப்பலையும் இறக்குவார்கள். கடல் மேப்பில் பல ஆட்டங்கள் கைவிட்டுப் போவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. மீன்துறை, மீன் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். போர்த்துறை, மரமும் வில்லேஜர்களும் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டு இடங்களும் ஒன்றாக அமைவது அபூர்வம். விளையாட்டு பிரித்துத் தராததை நீங்களே பிரித்துக்கொள்ள வேண்டும்.

பழைய மத்தியதரைக் கடல் நகரங்களும் இப்படித்தான் செய்தன. இன்றைய டுனிஸ் நகரின் ஓரத்தில் கார்த்தேஜின் துறைமுகம் குட்டையாகச் சுருங்கி இன்னும் கிடக்கிறது. ஒன்று நீள வடிவம், இன்னொன்று வட்ட வடிவம். நீளமானது வணிகர்களுக்கு, அதைத் தாண்டி உள்ளே போனால் வட்டமான போர்த்துறை. வட்டத்தின் நடுவே ஒரு தீவு, அதில் கடற்படைத் தளபதியின் மாளிகை. சுற்றிலும் 220 கப்பல்களுக்கு இடம் இருந்தது என்றும், இரட்டைச் சுவர் எழுப்பியிருந்ததால் வணிகக் கப்பலில் வந்தவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது என்றும் வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். தீவைத் தோண்டிப் பார்த்த தொல்லியலாளர்கள் கப்பல்களை இழுத்து ஏற்றிய சரிவுத் தளங்களைக் கண்டெடுத்தார்கள். கி.மு. 146-இல் ரோமர்கள் அந்த நகரை அழித்தார்கள்.

ஏதென்ஸின் துறைமுகமான பைரேயஸில் மூன்று துறைகள். காந்தரோஸில் வணிகமும் நடந்தது, போர்க்கப்பல்களும் நின்றன. சீயாவும் முனிக்கியாவும் போர்க்கப்பல்களுக்கு உரியவை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கல்லில் வெட்டி வைத்த கடற்படைக் கணக்குகள் கிடைத்திருக்கின்றன. அவற்றின்படி சீயாவில் 196, காந்தரோஸில் 94, முனிக்கியாவில் 82 கப்பல் கொட்டகைகள், மொத்தம் 372.

கொட்டகை எதற்கு? கப்பல்களைத் தண்ணீரிலேயே நிறுத்திவைத்தால் என்ன? மரம் தண்ணீரை உறிஞ்சினால் கப்பலின் எடை கூடும், வேகம் குறையும். கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுக்கள் அடிப்பலகையை உள்ளிருந்தே தின்றுவிடும். அதனால் வேலை இல்லாத நாட்களில் கப்பலைச் சரிவுத் தளத்தில் இழுத்து ஏற்றி, கூரைக்கு அடியில் உலர வைத்தார்கள். ஓட்டைகளை அடைத்தார்கள், கீல் பூசினார்கள். பழங்காலப் போர்த்துறையின் முதல் வேலை கப்பல் கட்டுவது அல்ல, கட்டிய கப்பலைக் காப்பாற்றி வைப்பது. விளையாட்டிலும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் போர்த்துறைக்கு இடம் பார்க்க வேண்டும்.

எங்கே கட்டுவது?

அடிபட்ட கப்பலை வில்லேஜர்களால் பழுதுபார்க்க முடியும். கப்பல் கரையை ஒட்டி வந்து நின்றால் போதும். புதுக் கப்பலின் விலையோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். புதியவர்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தாலும், சண்டை சூடாக இருக்கும்போது நினைவுக்கு வராது. போர்த்துறைக்குப் பக்கத்திலேயே காடு இருந்து, நாலைந்து வில்லேஜர்கள் அங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்தால், அவர்கள்தான் உங்கள் கப்பல் தச்சர்கள். உயிர் பாதியாகக் குறைந்த கப்பலைப் பின்னுக்கு இழுத்து, இருவரை அனுப்பிச் சரிசெய்து, மறுபடி சண்டைக்குத் திருப்பலாம். எதிரியிடம் அந்த வசதி இல்லை. அவன் கரையிலிருந்து வெகுதூரம் வந்திருக்கிறான். ஒரே எண்ணிக்கையில் கப்பல்கள் மோதினாலும் சொந்தத் துறைக்குப் பக்கத்தில் நிற்பவன் ஜெயிக்கக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து, எதிரியின் தீவைப் பார்த்த பக்கத்தில் முதல் துறையைக் கட்டாதீர்கள். ஊருக்குப் பின்னாலோ குடாவுக்குள்ளோ கட்டுங்கள். குடாவின் வாய் குறுகலாக இருந்தால் இன்னும் நல்லது. வருகிற கப்பல்கள் வரிசையாகத்தான் நுழைய முடியும், உங்களுடையவை வளைந்து நின்று ஒன்றின்மேல் குவிந்து எய்ய முடியும். சீயா கிட்டத்தட்ட வட்டமான குடா, அதன் வாயும் குறுகல். ஏதெனியர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது, ஒரே துறையோடு நிறுத்திவிடாதீர்கள். மூல விளையாட்டில் ஒரு கப்பல் முடிந்த பிறகுதான் அடுத்ததற்குச் சொல்ல முடியும். வரிசையில் போட்டு வைக்கும் வசதி ‘ரைஸ் ஆஃப் ரோம்’ வந்தபோதுதான் வந்தது. வரிசையில் போட்டாலும் ஒரு துறை ஒரு நேரத்தில் ஒரு கப்பலைத்தான் கட்டும். இரண்டு துறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கப்பல்கள் இரண்டிரண்டாக வரும், அங்கேயே அணி சேரும். இரண்டு போர்த்துறைகள் தள்ளித் தள்ளி இருந்தால், ஒவ்வொன்றிலிருந்தும் தனியாக வரும் கப்பலை எதிரி வழியிலேயே மடக்கிவிடுவான்.

காலத்துக்குக் காலம் என்ன செய்வது?

கற்காலத்தில் போர்க்கப்பல் கிடையாது. மீன்பிடிப் படகுதான் முக்கியம், விலை 50 மரம். தீவு மேப்பில் முதல் சில நிமிடங்களில் உணவுக்கு மீனைவிட நல்ல வழி இல்லை. இங்கே ஒரு சின்ன லாபமும் உண்டு. கற்காலத்திலிருந்து கருவிக் காலத்துக்குப் போக 500 உணவும் கற்காலக் கட்டடங்கள் இரண்டும் தேவை. கப்பல்துறை அந்த இரண்டில் ஒன்றாகக் கணக்கில் சேரும். தானியக் களஞ்சியம், மரமும் கல்லும் சேர்க்கும் ஸ்டோரேஜ் பிட், பாரக்ஸ் ஆகியவையும் சேரும். எனவே துறை கட்டினால் பாரக்ஸ் கட்ட வேண்டிய அவசரம் இல்லை. தீவு மேப்பில் ஆரம்பத்திலேயே பாரக்ஸுக்கு மரம் செலவழிப்பது வீண்.

கருவிக் காலத்தில் முதல் போர்க்கப்பலான ஸ்கவுட் ஷிப் வருகிறது. விலை 135 மரம். இது வெறும் மரம் என்பதைக் கவனியுங்கள். உணவும் இல்லை, தங்கமும் இல்லை. கருவிக் காலத்தில் கடலை ஆள்வது என்றால் மரத்தை ஆள்வது. இந்தக் கட்டத்தில் யாரிடம் மரம் வெட்ட அதிகம் பேர் இருக்கிறார்களோ அவரிடம் அதிகக் கப்பல் இருக்கும். அதனால் கருவிக் காலத்துக்கு முன்னேறும் பொத்தானை அழுத்திய உடனேயே புதிய வில்லேஜர்கள் எல்லோரையும் காட்டுக்கு அனுப்புங்கள். காலம் மாறி முடிவதற்குள் கையில் 270 மரம் இருந்தால் இரண்டு துறைகளிலும் ஒரே நொடியில் கப்பல் வேலை தொடங்கிவிடும்.

ஆட்டத்தின் தலையெழுத்து பெரும்பாலும் அடுத்த சில நிமிடங்களில் தீர்மானமாகிவிடும். முதல் இரண்டு ஸ்கவுட் ஷிப்பையும் வீட்டுக்குக் காவலாக நிறுத்தாமல் எதிரியின் மீன்துறையைத் தேடி அனுப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது. மீன்பிடிப் படகுக்கு ஆயுதம் கிடையாது, ஓடவும் இடமில்லை. ஐந்து படகுகளை மூழ்கடித்தால் எதிரிக்கு 250 மரம் நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தப் படகுகள் கொண்டுவந்திருக்கும் உணவு. வெண்கலக் காலத்துக்குப் போக 800 உணவு வேண்டும். மீன் இல்லாதவன் பண்ணை கட்ட வேண்டும். பண்ணைக்கும் மரம் வேண்டும். அந்த மரம் கப்பலிலிருந்து போகிறது. ஒரு அடியில் மூன்று இடத்தில் வலி.

வெண்கலக் காலத்தில் ஸ்கவுட் ஷிப்பை வார் கேலியாக உயர்த்தலாம். உயர்வுக்கு ஒருமுறை செலவழித்தால் கடலில் ஏற்கெனவே இருக்கும் கப்பல்கள் எல்லாமே மாறிவிடும். உயிர் 120-இலிருந்து 160 ஆகும், வீச்சு 5-இலிருந்து 6 ஆகும். கடலில் பத்துக் கப்பல் வைத்திருப்பவனுக்கு இந்த உயர்வு பெரிய லாபம். இரண்டு வைத்திருப்பவனுக்கு அத்தனை அவசரமில்லை. இரும்புக் காலத்தில் அது ட்ரைரீம் ஆகும்: உயிர் 200, வீச்சு 7.

சந்தையில் கிடைக்கும் மரவேலை ஆராய்ச்சியை மறந்துவிட வேண்டாம். அது மரம் வெட்டும் வேகத்தையும் கூட்டும், எறி ஆயுதங்களின் வீச்சையும் கூட்டும். தீவு மேப்பில் அதைவிட முந்திச் செய்ய வேண்டிய ஆராய்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு சண்டையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்

இரு பக்கமும் ஐந்து ஸ்கவுட் ஷிப். ஒவ்வொன்றுக்கும் உயிர் 120, ஒவ்வொரு எய்தலும் 5 உயிரைக் குறைக்கும். ஆகவே ஒரு கப்பலை மூழ்கடிக்க 24 எய்தல் வேண்டும்.

நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டால், உங்கள் ஐந்தும் தத்தமக்கு எதிரில் நிற்கும் கப்பலை அடிக்கும். 23 சுற்று முடியும்வரை எதிரியிடம் ஐந்து கப்பலும் உயிரோடு இருக்கும், ஐந்தும் உங்களை அடித்துக்கொண்டே இருக்கும். அதே ஐந்தையும் தேர்ந்தெடுத்து எதிரியின் ஒரே கப்பலைக் குறிவைக்கச் சொன்னால் ஒரு சுற்றுக்கு 25 உயிர் போகும். ஐந்தாவது சுற்றில் அது மூழ்கிவிடும். அதன் பிறகு உங்களை அடிப்பது நான்குதான். இன்னும் ஐந்து சுற்றில் மூன்று. எதிரி தன் கப்பல்களைக் கவனிக்காமல் விட்டிருந்தால், பத்தாவது சுற்றில் உங்களிடம் இன்னும் ஐந்தும் மிதக்கும், அவனிடம் மூன்றுதான் இருக்கும்.

இப்போது இதோடு பழுதுபார்ப்பதைச் சேருங்கள். உங்கள் கப்பல்களில் எது அதிகம் அடிவாங்குகிறதோ அதை மட்டும் கரைக்கு இழுத்துவிடுங்கள். அதைத் துரத்தி வரும் எதிரிக் கப்பல் உங்கள் மற்ற நான்கின் நடுவே வந்து மாட்டும். துரத்தாமல் விட்டால் உங்கள் கப்பல் சரியாகித் திரும்பும். எந்த வழியில் போனாலும் நஷ்டம் அவனுக்கு. போர்த்துறையைக் காட்டுக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னதன் பலனை இந்தச் சில நொடிகளில் கண்ணால் பார்க்கலாம்.

கல்லெறியும் கப்பல்

இரும்புக் காலத்தில் கேட்டபல்ட் ட்ரைரீம் என்ற கப்பலும் வருகிறது. மரத்தோடு தங்கமும் கேட்கும். கப்பலோடு கப்பல் மோதும் சண்டையில் இதன் பயன் குறைவு. கல் மெதுவாகப் பறந்து வரும், நகர்ந்துகொண்டே இருக்கும் கப்பல்மேல் விழாது. கரையில் இருக்கும் கட்டடங்களுக்குத்தான் இது எமன். இதன் வீச்சு 9. எதிரியின் காவல் கோபுரங்கள் எவ்வளவு உயர்த்தப்பட்டிருந்தாலும் இயல்பான வீச்சு 7-ஐத் தாண்டாது. அதாவது கோபுரத்துக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டே கோபுரத்தை இடிக்கலாம். இதன் அடுத்த கட்டமான ஜக்கர்நாட்டுக்கு வீச்சு 10. ஆனால் இவற்றைத் தனியாக அனுப்பக்கூடாது. நாலு ட்ரைரீம் முன்னால் நின்றால்தான் இவை பின்னால் நின்று வேலை செய்ய முடியும்.

கப்பலில் கல்லெறி பொறியை ஏற்றுவது கற்பனை அல்ல. கி.மு. 305-இல் ரோட்ஸ் தீவை முற்றுகையிட்ட மாசிடோனியத் தளபதி டெமெட்ரியஸ், துறைமுகத்தைத் தாக்கக் கப்பல்களின்மேல் பொறிகளை ஏற்றிக் கொண்டுவந்தார். நகரம் ஓராண்டு தாக்குப்பிடித்தது. கடைசியில் அவர் சமாதானம் செய்துகொண்டு கிளம்பினார்.

‘ரைஸ் ஆஃப் ரோம்’ தந்த ஃபயர் கேலி இதற்கு நேர் எதிர். தீயைக் கக்கும், ஆனால் ஒட்டிப் போய்த்தான் அடிக்க முடியும். நெருங்கிவிட்டால் அடி பலமாக விழும். அதனால் கல்லெறியும் கப்பல்களைப் பாய்ந்து பிடிக்க நல்லது.

எந்த நாகரிகத்தை எடுப்பது?

கடல் மேப்பில் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கிரீட் தீவின் மினோவர்களைத்தான். அவர்களுக்குக் கப்பல் விலை 30 சதவீதம் குறைவு. பத்து ஸ்கவுட் ஷிப்புக்கு மற்றவர்கள் 1,350 மரம் செலவழிக்கும்போது அவர்களுக்கு 945 போதும். மிச்சமாகும் 405 மரத்தில் இன்னும் நான்கு கப்பல் கட்டலாம். பத்துக்கு எதிராகப் பதினான்கு. மேலே பார்த்த கணக்கின்படி அது கிட்டத்தட்ட முடிந்துபோன சண்டை. ஜப்பானியரான யமாட்டோவுக்குக் கப்பல் உயிர் 30 சதவீதம் கூடுதல், கிரேக்கர்களுக்குப் போர்க்கப்பல் வேகம் 30 சதவீதம் கூடுதல். ஃபினீசியர்களின் கேட்டபல்ட் ட்ரைரீம் மற்றவர்களுடையதைவிட 65 சதவீதம் வேகமாகக் கல் எறியும். அவர்களுடைய மரவெட்டிகளும் வேகமானவர்கள். ஆனால் அந்தக் கப்பலுக்காக இரும்புக் காலம்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். மினோவர்களின் லாபம் முதல் கப்பலிலேயே தொடங்கிவிடுகிறது.

விளையாட்டில் உண்மை எவ்வளவு?

மூன்று அடுக்குத் துடுப்புகள் கொண்ட உண்மையான ட்ரைரீமின் முதல் ஆயுதம் அம்பு அல்ல. முன்மூக்கில், நீர்மட்டத்தில் வெண்கல இடிமுனை ஒன்று இருக்கும். அதைக்கொண்டு எதிரிக் கப்பலின் விலாவில் மோதி ஓட்டை போடுவதுதான் முறை. விளையாட்டில் மோதல் கிடையாது. கப்பலைத் திருப்பி விலாவைக் காட்டாமல் நிற்கும் திறமைதான் அந்தக் கால மாலுமியின் பெருமை. அது இங்கே இல்லாதது ஒரு குறை. கி.மு. 413-இல் சிசிலித் தீவிலுள்ள சிராகூஸின் பெருந்துறைக்குள் ஏதென்ஸ் தோற்றதற்கு ஒரு காரணம் அதுதான்: திரும்ப இடமில்லாத குறுகிய நீரில், மூக்கைக் கனமாக்கிக்கொண்ட சிராகூஸ் கப்பல்கள் நேருக்கு நேர் மோதின. ஏதெனியர்களின் சுழற்சி வித்தை அங்கே பலிக்கவில்லை.

இரண்டாவது குறை, ஆட்கள். ஒரு ட்ரைரீமில் துடுப்பு வலிக்க மட்டும் 170 பேர். மாலுமிகள், வீரர்கள் எல்லாம் சேர்த்து 200. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டிராக்மா கூலி என்று வைத்தால் மாதத்துக்கு 6,000 டிராக்மா, அதாவது ஒரு டாலன்ட் வெள்ளி. நூறு கப்பலைக் கடலில் நிறுத்தினால் மாதம் நூறு டாலன்ட். ஏதென்ஸால் இது முடிந்ததற்குக் காரணம் லாரியன் சுரங்கம். கி.மு. 483-இல் அங்கே புதிதாக வெள்ளி கிடைத்தபோது அதைக் குடிமக்களுக்குப் பங்கு போடாமல் கப்பல் கட்டச் செலவிட வேண்டும் என்று ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ் மக்களவையைச் சம்மதிக்க வைத்தார். மூன்று ஆண்டுகளில், கி.மு. 480-இல், சலாமிஸ் நீரிணையில் பாரசீகப் பெரும்படையை உடைத்தது அந்தக் கப்பற்படைதான். விளையாட்டிலோ கப்பலுக்குக் கூலி இல்லை. மரத்தைக் கொடுத்தால் மாலுமிகளோடு வந்து நிற்கும்.

ஆனால் மரம் விஷயத்தில் விளையாட்டு சரியாகவே இருக்கிறது. ஏதென்ஸைச் சுற்றிய நிலத்தில் கப்பலுக்கு ஏற்ற உயரமான மரம் போதுமான அளவு கிடையாது. மாசிடோனியா, திரேஸ் பக்கத்துக் காடுகளிலிருந்துதான் ஃபர், பைன் மரங்களும் கீலும் வந்தன. அந்தப் பகுதியில் இருந்த ஆம்ஃபிபோலிஸ் என்ற ஊர் கப்பல் மரத்துக்கும் வருமானத்துக்கும் முக்கியமானது. கி.மு. 424-ஐ ஒட்டி ஸ்பார்ட்டாவின் பிராசிடாஸ் அதைப் பிடித்தபோது ஏதென்ஸ் கலங்கிப்போனது. கடல்படை இல்லாத ஒருவர், நிலத்தில் நடந்து போய், கடல் வல்லரசுக்கு மரம் வரும் வழியைத் துண்டித்தார். நிலத்தொடர்பு உள்ள மேப்பில் எதிரி உங்களைவிடக் கடலில் பலமாக இருந்தால் இதையே செய்யுங்கள். கப்பலோடு மோதாமல் அவனுடைய மரவெட்டிகளைத் தேடிப் போங்கள். ஐந்து குதிரை வீரர்கள் போதும்.

ஆட்களைக் கரையிறக்குவது

கடலைப் பிடித்தால் மட்டும் ஆட்டம் முடியாது; கரையேற வேண்டும். லைட் டிரான்ஸ்போர்ட் 150 மரம், ஐந்து பேரை ஏற்றும். ஹெவி டிரான்ஸ்போர்ட் பத்துப் பேரை ஏற்றும். இரண்டுக்கும் ஆயுதம் இல்லை, மூழ்கினால் உள்ளே இருப்பவர்களும் போய்விடுவார்கள். போர்க்கப்பல் முன்னே போய்க் கரையைச் சுத்தம் செய்த பிறகே அனுப்புங்கள். முதல் படகில் வீரர்களோடு ஒரு வில்லேஜரையும் ஏற்றிக்கொண்டு போவது நல்லது. அந்தக் கரையிலேயே புதுத் துறை ஒன்றைக் கட்டிவிட்டால், கப்பலைப் பழுதுபார்க்க வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

கடலை இழந்துவிட்டால்?

கி.மு. 405-இல் ஹெலஸ்பான்ட் நீரிணையில், அய்கோஸ்பொட்டமி என்ற இடத்தில் ஏதென்ஸின் சுமார் 180 கப்பல்கள் திறந்த கரையில் இழுத்து வைக்கப்பட்டிருந்தன. அங்கே துறைமுகமும் இல்லை, பக்கத்தில் சந்தையும் இல்லை. மாலுமிகள் சாப்பாடு தேடி நாலா பக்கமும் போயிருந்த நேரம் பார்த்து ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் பாய்ந்தார். சில கப்பல்கள் மட்டுமே தப்பின. அந்த நீரிணை வழியாகத்தான் ஏதென்ஸுக்குக் கருங்கடல் தானியம் வந்துகொண்டிருந்தது. வழி அடைபட்டது, நகரம் பட்டினி கிடந்தது, அடுத்த ஆண்டு சரணடைந்தது. விளையாட்டில் மீன்துறையை இழப்பவனுக்கு நடப்பதும் இதுதான், நேரம்தான் குறைவு.

விளையாட்டில் அதற்குப் பிறகும் வழி உண்டு. முதலில், மரவெட்டிகளைக் கப்பலின் வீச்சுக்கு எட்டாதபடி தீவின் நடுவுக்கு மாற்றுங்கள். கரையோரம் அம்பு வாங்கிச் சாகும் ஒவ்வொரு வில்லேஜரும் ஒரு கப்பலுக்குச் சமம். அடுத்து, வெண்கலக் காலத்தை எட்டிவிட்டால் முற்றுகைப் பட்டறையில் ஸ்டோன் த்ரோயர் கட்டுங்கள். அதன் வீச்சு 10. கரையை ஒட்டி நின்று எய்துகொண்டிருக்கும் வார் கேலிக்கு வீச்சு 6. அசையாமல் நிற்கும் கப்பல்மேல் இரண்டு மூன்று கல் விழுந்தால் எதிரி கரையைவிட்டு விலகுவான். அப்படி விலகிய நீர்தான் உங்கள் புதிய குடா. அதன் ஓரத்தில் ஸ்டோன் த்ரோயரின் காவலில் இரண்டு துறைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு கப்பல் வந்த உடனே வெளியே அனுப்பாமல், நாலைந்து சேரும்வரை கல்லெறியின் நிழலிலேயே நிறுத்திவையுங்கள்.

ஏதென்ஸும் மறுபடி கட்டியது. தோல்விக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த முப்பது பேர், ஆயிரம் டாலன்டுக்குக் குறையாமல் செலவழித்துக் கட்டிய கப்பல் கொட்டகைகளை இடித்துக்கொள்ள மூன்று டாலன்டுக்கு விற்றார்கள் என்று ஏதென்ஸின் எழுத்தாளர் ஐசோக்ரட்டீஸ் வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். மேலே சொன்ன 372 கொட்டகைகள் அதற்குப் பின் வந்த தலைமுறைகள் எழுப்பியவை. கி.மு. 330-ஐ ஒட்டிய கணக்குகளில் ஏதென்ஸின் கப்பல் எண்ணிக்கை ஏறத்தாழ 400.

பழகத் தொடங்குகிறவர்கள் சிறு தீவுகள் மேப்பை எடுத்து, மினோவர்களோடு, ஒரே ஒரு கணினி எதிரியை வைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். கருவிக் காலத்துக்குப் போவதற்குள் மீன்துறை ஒன்று, காட்டோரம் போர்த்துறை இரண்டு என்று மூன்றும் நின்றிருக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகு அதே மேப்பில் எகிப்தியர்களை எடுத்துக்கொண்டு, விலைச் சலுகை இல்லாமல் ஆடிப் பாருங்கள்.